இலங்கையும் சிங்கப்பூரும்: பரப்பளவு, நிலப் பயன்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டும் தீவு நாடுகள், இரண்டிலும் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, இரண்டு பக்கமும் நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாலும் சரி, கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் சரி, இந்த ஒப்பீடு எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. வந்ததும் கேட்கப்படும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் வைத்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப்போகச் சிக்கலானவை.

சுருக்கமாச் சொல்லுங்க, எந்த நாடு எவ்வளவு பெரிது?

இலங்கை 65,610 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் இப்போது ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். அதாவது இலங்கைக்குள் சிங்கப்பூரை 89 தடவை வைக்கலாம். வடக்கே பருத்தித்துறையிலிருந்து தெற்கே தெய்வேந்திரமுனை வரை ஏறக்குறைய 435 கிலோமீட்டர். சிங்கப்பூரின் முதன்மைத் தீவு கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 27 கிலோமீட்டர், அவ்வளவுதான்.

89 மடங்கு என்றால் மனசில் பிடிபடவில்லையே, எதோடு வைத்துப் பார்ப்பது?

மாவட்டங்களோடு வைத்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். கொழும்பு மாவட்டம் 699 சதுர கிலோமீட்டர், ஆக சிங்கப்பூர் என்ற முழு நாடும் கொழும்பு மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. யாழ்ப்பாண மாவட்டம் 1,025, அது சிங்கப்பூரைவிடப் பெரியது. அனுராதபுர மாவட்டம் 7,179, கிட்டத்தட்டப் பத்துச் சிங்கப்பூர்.

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது வில்பத்து. அந்தத் தேசியப் பூங்கா மட்டுமே ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீட்டர். அறுபது லட்சம் பேர் வாழும் ஒரு நாட்டைப்போல ஒன்றே முக்கால் மடங்கு நிலம், அங்கே சிறுத்தைக்கும் கரடிக்கும் விடப்பட்டிருக்கிறது.

இலங்கைக்கு ஒரு புத்தகத்தில் 65,610 என்று இருக்கிறது, இன்னொன்றில் 62,705. எதை எழுதினால் மார்க் கிடைக்கும்?

இரண்டும் சரி, அளப்பது வேறு வேறு. 62,705 என்பது நிலம் மட்டும். மீதி 2,905 சதுர கிலோமீட்டர் உள்நாட்டு நீர்ப்பரப்பு: குளங்கள், நீர்த்தேக்கங்கள், களப்புகள் எல்லாம் அதில் அடக்கம். அந்தத் தண்ணீர்ப் பரப்பு மட்டுமே கிட்டத்தட்ட நான்கு சிங்கப்பூர் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பரீட்சையில் "மொத்தப் பரப்பளவு" என்று கேட்டால் 65,610, "நிலப்பரப்பு" என்று கேட்டால் 62,705.

ஒப்பிடும்போது இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சிங்கப்பூர் சொல்லும் 735-க்குள் அதன் நீர்த்தேக்கங்களும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் அதோடு 65,610-ஐத்தான் ஒப்பிட வேண்டும், 62,705-ஐ அல்ல. ஒரு பக்கம் தண்ணீரைச் சேர்த்துவிட்டு மறுபக்கம் கழித்தால் ஒப்பீடு கோணலாகிவிடும்.

சிங்கப்பூர் பரப்பளவு மட்டும் ஏன் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி? அச்சுப் பிழையா?

பிழை இல்லை, நாடே வளர்ந்துகொண்டு போகிறது. 1965-ல் சுதந்திரம் பெற்றபோது அது 581.5 சதுர கிலோமீட்டர். கடலை நிரப்பி நிரப்பி இன்றைக்கு 735 வரை வந்திருக்கிறது, அதாவது பிறந்தபோது இருந்த அளவில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் புதிதாகச் சேர்ந்த நிலம். அப்பாவின் பாடப்புத்தகத்தில் ஒரு எண், மகனின் பாடப்புத்தகத்தில் வேறு எண், இரண்டும் அந்தந்தக் காலத்துக்கு உண்மை. ஆகவே சிங்கப்பூர் பரப்பளவை எழுதும்போது பக்கத்தில் ஆண்டையும் எழுதிப் பழகுங்கள்.

கடலை எப்படி நிலமாக்குகிறார்கள்? சும்மா மண்ணைக் கொட்டினால் போதுமா?

ஆரம்பத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். 1966-ல் கிழக்குக் கடற்கரையில் பெரிய அளவில் தொடங்கியபோது பிடோக் பக்கத்துக் குன்றுகளையே வெட்டி, அந்த மண்ணைக் கடலில் போட்டார்கள். உள்ளூர்க் குன்றுகள் எவ்வளவு காலம் தாங்கும்? அப்புறம் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து மணல் வாங்க ஆரம்பித்தார்கள். சாங்கி விமான நிலையத்தின் பெரும் பகுதி இப்படி மீட்ட நிலத்தில்தான் இருக்கிறது. ஜூரோங் தீவு என்று இன்று ஒரே தீவாக இருப்பது முன்பு ஏழு சிறு தீவுகள், இடையிலிருந்த கடலை நிரப்பி ஒன்றாக்கினார்கள்.

மணல் விற்ற நாடுகளில் கடற்கரைகளும் ஆற்றங்கரைகளும் அரிக்கப்பட்டன. மலேசியா 1997-லும், இந்தோனேசியா 2007-லும், கம்போடியா 2017-லும் சிங்கப்பூருக்கு மணல் போவதைத் தடைசெய்தன. ஒரு நாட்டுக்குக் கூடும் நிலம் இன்னொரு நாட்டின் கரையிலிருந்து வருகிறது என்பதைப் பரப்பளவு அட்டவணை சொல்லாது, ஆனால் நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மணல் கிடைப்பது கடினமானதும் வேறு வழி தேடினார்கள். தெக்கோங் தீவில் 2016-ல் அறிவித்த பணியில் நெதர்லாந்துக்காரர்களின் முறையைப் பின்பற்றினார்கள்: கடலைச் சுற்றி அணை கட்டி, உள்ளே இருக்கும் நீரை இறைத்து வெளியேற்றுவது. நிலம் கடல் மட்டத்துக்குக் கீழேயே இருக்கும், மணல் செலவு குறையும், ஆனால் நீரை எப்போதும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இலங்கையும்தான் கடலை நிரப்பியிருக்கிறது, கொழும்பு துறைமுக நகரத்தை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. 2014-ல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நிரப்பும் வேலை முடிந்தது. காலிமுகத் திடலுக்குப் பக்கத்தில் கிடைத்த புது நிலம் 269 ஹெக்டேர், அதாவது 2.69 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் இதுவரை சேர்த்தது 150 சதுர கிலோமீட்டருக்கு மேல். இலங்கையின் மொத்தப் பரப்பில் துறைமுக நகரம் ஒரு புள்ளிகூட இல்லை, அதைச் சேர்த்தாலும் 65,610 என்ற எண் 65,613 ஆவதோடு சரி. அந்த இடத்தின் மதிப்பு கொழும்பு நகர மையத்தை ஒட்டி இருப்பதில்தான் இருக்கிறது, பரப்பில் இல்லை.

சிங்கப்பூரில் நிலம் எதற்கு எவ்வளவு போகிறது? எல்லாம் கட்டடம்தானே?

இல்லை, பலரும் எதிர்பார்க்காத கணக்கு இது. அந்த நாட்டு அரசு 2013-ல் வெளியிட்ட நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் 2010 நிலவரம் இருக்கிறது. அப்போது மொத்தம் ஏறத்தாழ 71,000 ஹெக்டேர். அதில் மிகப் பெரிய பங்கு பாதுகாப்புத் துறைக்கு, 19 சதவீதம். வீடுகளுக்கு 14, தொழிலுக்கும் வணிகத்துக்கும் 13, சாலை, ரயில் போன்ற தரைவழிப் போக்குவரத்துக்கு 12. பூங்காக்களும் இயற்கைக் காப்பகங்களும் 8, பள்ளி, மருத்துவமனை, சமூக வசதிகள் வகையில் 8, நீர்த்தேக்கங்கள் 5, துறைமுகமும் விமான நிலையமும் 3 சதவீதம்.

வீடுகளுக்கு 14, போக்குவரத்துக்கு 12 என்பதைச் சேர்த்துப் பாருங்கள். மக்கள் தூங்கும் இடத்துக்கும் அவர்கள் போய்வரும் பாதைக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு நிலம் வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் கார் வாங்குவதை இவ்வளவு கடினமாக வைத்திருப்பதற்கு நெரிசல் மட்டும் காரணமல்ல, நிலமும் காரணம்.

அதே திட்டம் 2030-க்குப் போட்ட கணக்கில் மொத்தம் 76,600 ஹெக்டேர் ஆகிறது. வீடுகளும் தொழிலும் 17 சதவீதத்துக்கு உயர்கின்றன, பாதுகாப்பு அதே 19-ல் நிற்கிறது, "மற்றவை" என்று ஒதுக்கி வைத்திருந்த 14 சதவீதம் 4-ஆகச் சுருங்குகிறது. அதாவது கைவசம் வைத்திருந்த நிலத்தை எடுத்துச் செலவழிக்கிறார்கள்.

பத்தில் எட்டுப் பேர் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறார்கள் என்கிறார்கள், வெறும் 14 சதவீதத்தில் எப்படி அடங்குகிறார்கள்?

உயரத்தில். வீவக 1960-ல் தொடங்கியது, அதற்கு முன் கம்பங்கள் எனப்படும் கிராமங்களிலும் கடைவீடுகளிலும் பரவிக் கிடந்த குடியிருப்பு மாடிகளாக நிமிர்ந்தது. தரையில் ஒரு வீடு பிடிக்கும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இருபது, முப்பது வீடுகள். நிலப் பயன்பாட்டு அட்டவணை தரையை மட்டும்தான் எண்ணும், மாடிகளை எண்ணாது.

கீழேயும் போகிறார்கள். ஜூரோங் தீவை ஒட்டிக் கடலடிப் பாறையைக் குடைந்து எண்ணெய்க் கிடங்கு வைத்திருக்கிறார்கள், 2014-ல் திறந்தது. அதுவும் எந்தப் பரப்பளவுக் கணக்கிலும் வராது.

சரி, இலங்கையில் நிலம் எதற்கெல்லாம் போகிறது?

முதலில் காடு. 2010-ஐ ஒட்டிய அளவீடுகளில் நாட்டின் 29 சதவீதத்துக்குச் சற்று மேல் காடு, ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது 70 சதவீத அளவில் இருந்தது என்று சொல்லப்படுகிறது, 1950-களில் 44 சதவீதம். இருக்கும் காட்டில் பெரும்பகுதி வறண்ட வலயத்தில், அதாவது வடக்கு, வடமத்தி, கிழக்குப் பக்கங்களில். மழைக்காடு தென்மேற்கில் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது, சிங்கராஜா அதில் பெரியது.

அடுத்து நெல்வயல், 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தென்னை 4,000-க்கு மேல், தேயிலை 2,000-க்கு மேல், ரப்பர் 1,000-க்கு மேல். ஒவ்வொன்றையும் 735-ஆல் வகுத்துப் பார்த்தால், தேயிலை மட்டுமே இரண்டரைச் சிங்கப்பூருக்கு மேல் வரும். நெல் கிட்டத்தட்டப் பத்துச் சிங்கப்பூர்.

இந்தத் தேயிலை நிலமெல்லாம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. மலைக்காடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை வெட்டிக் கோப்பி போட்டார்கள், 1869-ல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது, 1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் ஆரம்பித்திருந்த தேயிலை அந்த இடங்களைப் பிடித்தது. அந்த மலைகளை மாற்றிய கைகள் தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கப்பலிலும் வந்த நம் தமிழ்த் தொழிலாளர்களுடையவை. இன்றும் அவர்களின் பிள்ளைகளில் பலருக்கு அந்த மலையில் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லை.

கண்டிப் பக்கம் வீட்டைச் சுற்றிப் பலா, மிளகு, கிராம்பு, தென்னை என்று காடு மாதிரியே இருக்கிறதே, அது காடா, தோட்டமா, குடியிருப்பா?

அருமையான கேள்வி, அட்டவணை போடுகிறவர்களே திணறும் இடம் இது. இலங்கைக் கணக்கில் அதற்கு "வீட்டுத்தோட்டம்" என்று தனி வகையே இருக்கிறது, நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. மேலே நான் சொன்ன காட்டில் அது சேராது. ஆனால் மரம் உண்டு, நிழல் உண்டு, பறவை உண்டு, வீட்டுக்குக் காயும் பழமும் வருமானமும் உண்டு. மரத் தேவையிலும் பெரும் பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

சிங்கப்பூரின் வகைகளில் இதற்கு இடமே கிடையாது. அங்கே ஒரு துண்டு நிலம் குடியிருப்பு என்றால் குடியிருப்பு, பூங்கா என்றால் பூங்கா. ஒரே நிலம் வீடாகவும் தோப்பாகவும் இருப்பது நம் பக்கத்து வழக்கம்.

நெல் பயிரிட்ட பரப்பு 10 லட்சம் ஹெக்டேருக்கு மேல் என்று படித்தேன், நீங்கள் 7,000 சதுர கிலோமீட்டர் என்கிறீர்கள். கணக்கு இடிக்கிறதே?

இடிக்கவில்லை. 7,000 சதுர கிலோமீட்டர் என்பது 7 லட்சம் ஹெக்டேர் வயல். அதே வயலில் பெரும்போகம் ஒரு தடவை, சிறுபோகம் ஒரு தடவை விதைப்பார்கள். விதைப்புக் கணக்கு எடுக்கும்போது இரண்டு போகத்தையும் கூட்டுவார்கள், ஆகவே நல்ல மழை ஆண்டில் 10 லட்சத்தைத் தாண்டும். சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் இருந்தால்தான் விதைப்பு. ஆகவே விதைத்த பரப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும், வயலின் பரப்பு அப்படி மாறாது.

இதனால்தான் குளத்தை நிலக் கணக்கிலிருந்து பிரிக்க முடியாது என்று சொல்கிறேன். இரணைமடு, கட்டுக்கரை, கலாவெவ போன்ற பெரிய குளங்களும் ஆயிரக்கணக்கான சிறு குளங்களும் பிடித்திருக்கும் இடம் "நீர்ப்பரப்பு" என்று தனியாக எழுதப்பட்டாலும், கீழே இருக்கும் வயலை இரண்டாம் தடவை விளைய வைப்பது அந்த இடம்தான்.

இவ்வளவு நிலம் இருந்தும் இலங்கை ஏன் சிங்கப்பூர் மாதிரி வரவில்லை?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். பொருளாதாரத்துக்கும் அரசியலுக்கும் போருக்கும் உரிய காரணங்கள் வேறு. நிலம் பற்றி மட்டும் சொல்கிறேன்: நிலம் அதிகமாக இருப்பது அப்படியே ஆதாயம் அல்ல, அந்த நிலம் ஏற்கெனவே ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மத்திய மலைநாடு 2,524 மீட்டர் பிதுருதலாகல வரை உயர்ந்து மழையைப் பிடித்து ஆறுகளுக்கு அனுப்புகிறது, மகாவலியின் வடிநிலம் மட்டுமே தீவின் ஆறில் ஒரு பங்கு. அங்கே சரிவை வெட்டினால் மண்சரிவு. வறண்ட வலயத்தில் குளம் இல்லாத இடத்தில் குடியேற முடியாது, காட்டை வெட்டிக் குடியேறினால் யானை வரும். வெறுமனே கிடக்கும் நிலம் என்று வரைபடத்தில் தெரிவது பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெறுமனே கிடக்காது.

இன்னொரு பக்கம், சிங்கப்பூருக்கு 735 மட்டும்தான் நிலம் என்பதும் முழு உண்மை இல்லை. அங்கே உண்ணப்படும் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அந்த அரிசி விளையும் வயல் தாய்லாந்திலும் வியட்நாமிலும் இந்தியாவிலும் இருக்கிறது. 1962 ஒப்பந்தப்படி 2061 வரை ஜொகூரிலிருந்து தண்ணீர் வருகிறது. மணல் எங்கிருந்து வந்தது என்று மேலே பார்த்தோம். இவ்வளவும் எடுத்துக்கொள்ளும் பரப்பைச் சேர்த்தால் சிங்கப்பூர் வரைபடத்தில் தெரிவதைவிட எத்தனையோ மடங்கு பெரிய நாடு.

இலங்கை தன் சோற்றுக்கான வயலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. நல்ல ஆண்டில் தன் தேவைக்குக் கிட்டத்தட்டப் போதுமான நெல் விளைகிறது. 2021-ல் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தியபோது விளைச்சல் விழுந்து, அடுத்த ஆண்டு அரிசி இறக்குமதி செய்ய வேண்டிவந்தது. கையில் அந்நியச் செலாவணியும் இல்லாத நேரத்தில் அது எவ்வளவு வலித்தது என்பதை வரிசையில் நின்றவர்கள் சொல்வார்கள். வயலுக்குப் போகும் நிலத்தை "பயன்படாத நிலம்" போலப் பேசுவதை அதற்குப் பிறகாவது நாம் நிறுத்த வேண்டும்.

அப்போ சிங்கப்பூரில் விவசாயமே இருந்ததில்லையா?

நிறைய இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும், தோல் பதனிடப் பயன்பட்ட காம்பியர் செடியும், காம்பியர் மண்ணைச் சாறாகப் பிழிந்துவிட்ட பிறகு ரப்பர். ரப்பரில் இரண்டு தீவுகளுக்கும் ஒரே மூலம்: லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1876-ல் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்தன, 1877-ல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் போயின. காய்கறித் தோட்டம், பன்றிப் பண்ணை எல்லாம் 1960-கள், 70-களில் நிறைய இருந்தன. வீட்டுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் இடம் வேண்டி ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு, இன்று நிலத்தில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் விவசாயத்துக்கு.

ஒரு ஆளுக்கு எவ்வளவு நிலம் வரும்? பரப்பில் சொல்லுங்கள், ஹெக்டேர் எனக்குப் புரியாது.

சந்தோஷமாக. யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீட்டர். 2024 குடிசனக் கணக்கெடுப்பில் இலங்கையின் மக்கள்தொகை 2 கோடியே 17 லட்சத்துக்கு மேல். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 12 பரப்பு, முக்கால் ஏக்கர். சிங்கப்பூரில் அதே ஆண்டு 60 லட்சத்து 40 ஆயிரம் பேர், ஆளுக்கு வருவது அரைப் பரப்புக்கும் குறைவு. இதில் காடு, குளம், சாலை, விமான நிலையம் எல்லாம் சேர்த்தே பிரித்திருக்கிறேன், உங்கள் பங்கு 12 பரப்பும் வீடு கட்டும் காணி என்று நினைத்துவிடாதீர்கள்.

மறுபக்கமாகவும் பார்க்கலாம். சிங்கப்பூரின் நெரிசலில், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 8,200 பேர் வீதம் இலங்கையர் எல்லாரும் வாழ்ந்தால் 2,650 சதுர கிலோமீட்டர் போதும். முல்லைத்தீவு மாவட்டம் 2,617. நாடு முழுக்க அந்த ஒரு மாவட்டத்தில் கிட்டத்தட்ட அடங்கிவிடும். 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவில் இருந்தவர்கள் 90,000-க்குச் சற்று மேல்.

சிங்கப்பூரில் நிலமெல்லாம் அரசாங்கத்துடையது, இலங்கையில் மக்களுடையது, அதுதானே வித்தியாசம்?

இல்லை, இது பரவலான தவறு. சிங்கப்பூரில் 90 சதவீத அளவு நிலம் அரசுடையது என்பது சரிதான், ஆனால் இலங்கையிலும் 80 சதவீதத்துக்கு மேல் அரச காணி! எண் ஒன்றுபோல இருக்கிறது, வந்த வழி வேறு. இலங்கையில் 1840-ல் பிரித்தானியர் ஒரு சட்டம் போட்டார்கள்: உரித்து நிரூபிக்க முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை. பரம்பரையாகச் சேனைப் பயிர், அதாவது காட்டை இடம் மாற்றி மாற்றி வெட்டிச் செய்யும் பயிர், செய்த நிலத்துக்கு எந்தக் கிராமத்தவர் உறுதிப் பத்திரம் வைத்திருப்பார்? அப்படிப் போன நிலம் சுதந்திரத்துக்குப் பிறகும் அரசிடமே இருந்தது. 1972 சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர், வயல் என்றால் 25 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது, 1975-ல் கம்பெனித் தோட்டங்களும் எடுக்கப்பட்டன.

சிங்கப்பூரில் 1966-ல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம்தான் திருப்பம். பொதுத் தேவைக்கு என்று அரசு தனியார் நிலத்தை எடுத்து, வீவக வீட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. வீட்டுக்காரர் விற்கலாம், வாங்கலாம், வங்கியில் ஈடு வைக்கலாம். இலங்கையில் 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் இருக்கும் விவசாயிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, விற்கவும் பிரிக்கவும் கட்டுப்பாடு. அரசு நிலம் எத்தனை சதவீதம் என்பதைவிட, அதில் இருப்பவர் கையில் என்ன பத்திரம் இருக்கிறது என்பதுதான் பெரிய வித்தியாசம்.

சிங்கப்பூரில் பாதுகாப்புக்கு 19 சதவீதம் என்றீர்கள், இலங்கையில் அந்த எண் என்ன?

இலங்கையின் நிலப் பயன்பாட்டு அட்டவணைகளில் அப்படி ஒரு வரி இல்லை. காரணம் முக்கியமானது. சிங்கப்பூர் கணக்கு "இந்த நிலம் எதற்காக" என்று கேட்கிறது. இலங்கைக் கணக்கு பெரும்பாலும் "இந்த நிலத்தின்மேல் என்ன இருக்கிறது" என்று கேட்கிறது. காடு, வயல், பற்றை (புதர்), தென்னை என்று மேலிருந்து பார்த்தால் தெரிவதைத்தான் அது எழுதும்.

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் பலாலியைச் சுற்றிய கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேற நேர்ந்தது, அவர்களின் செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின, போர் முடிந்த பிறகு பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. வேலிக்கு உள்ளே இருந்த அந்தக் காணி மேலிருந்து பார்த்தால் பற்றை, அவ்வளவுதான். முப்பது ஆண்டுக்கு மேல் உரிமையாளர் கால் வைக்க முடியாத நிலம் என்பது அட்டவணையில் வராது.

சிங்கப்பூரில் 40 சதவீதத்துக்கு மேல் பசுமை, இலங்கையில் காடு 29 சதவீதம். அப்படியென்றால் சிங்கப்பூர்தான் பசுமையான நாடா?

முந்தின பதிலில் சொன்ன குழப்பத்தின் இன்னொரு முகம் இது. சிங்கப்பூரின் அந்த எண் பசுமைப் போர்வை: சாலையோர மரம், புல்வெளி, பூங்கா எல்லாம் அதில் உண்டு, பச்சையாகத் தெரிந்தால் போதும். இலங்கையின் 29 காடு மட்டும். சிங்கப்பூரின் அளவுகோலில் இலங்கையை அளந்தால் வீட்டுத்தோட்டம், தேயிலை, தென்னை, ரப்பர், பச்சை வயல் எல்லாம் சேர்ந்து எங்கேயோ போய்விடும். அதற்காகச் சிங்கப்பூரின் முயற்சி சின்னது என்று சொல்ல மாட்டேன். புக்கிட் தீமா காட்டை ஒரு பெருநகரத்தின் நடுவில் வெட்டாமல் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை.

சுடுகாடு, இடுகாட்டுக்குக்கூடச் சிங்கப்பூரில் கால வரம்பு உண்டாமே?

உண்டு. 1998-லிருந்து புதைகுழிக்கு 15 ஆண்டுதான். இப்போது அடக்கம் நடப்பது சுவா சூ காங்கில் மட்டும். 15 ஆண்டு முடிந்ததும் எச்சங்களை எடுத்துத் தகனம் செய்வார்கள், சமயப்படி அடக்கமே வேண்டுமென்றால் சிறிய இடத்தில் மறுபடி அடக்கம் செய்வார்கள்.

கடல் மட்டம் உயர்ந்தால் இந்தப் பரப்பளவெல்லாம் என்ன ஆகும்?

சிங்கப்பூரின் நிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் கிழக்குக் கடற்கரைக்கு வெளியே ஏறத்தாழ 800 ஹெக்டேரில் "நீளத் தீவு" ஒன்றை உருவாக்கப் பார்க்கிறார்கள், அது கடலைத் தடுக்கும், உள்ளே நன்னீரும் தேங்கும். 2008-ல் கட்டிய மரினா தடுப்பணை ஏற்கெனவே அதைத்தான் செய்கிறது: கழிமுகத்தை மூடி நன்னீர்த் தேக்கமாக்கியது, நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை அங்கே வந்து சேர்கிறது. அந்த நிலத்தில் வீடும் சாலையும் அப்படியே இருக்க, அதுவே நீரேந்து பகுதியாகவும் வேலை செய்கிறது.

இலங்கையில் கரை அரிப்பு ஒரு பக்கம், அதைவிட எனக்குக் கவலை உவர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல், ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது, குடிப்பதும் பாய்ச்சுவதும் கிணற்று நீர். கடல் நீர் அடியில் ஏறினால் கிணறு உவராகும், வயல் தரிசாகும், ஆனால் பரப்பளவு ஒரு அங்குலம்கூடக் குறையாது. தொண்டைமானாற்றில் கதவுகள் போட்டுக் கடல் நீரைத் தடுத்து, வடமராட்சிக் களப்பை நன்னீராக்கப் பார்த்தது மரினா தடுப்பணைக்குப் பல பத்தாண்டுகள் முன்பு. அந்தக் கதவுகள் ஒழுங்காக மூடுகின்றனவா என்பதைப் பொறுத்துத்தான் இரண்டு கரையிலும் இருக்கும் காணிகளில் எத்தனை விளைநிலமாக எண்ணப்படும் என்பது முடிவாகும்.